பழைய மூன்று சக்கர ஏடிசி: இன்ஜினைப் பிரித்துக் கட்ட முழுமையான வழிகாட்டி

1970-இல் ஹோண்டா யுஎஸ்90 என்ற பெயரில் முதல் மூன்று சக்கர ஏடிசியை (ஆல் டெரெய்ன் சைக்கிள், எந்த நிலத்திலும் ஓடும் வண்டி) விற்பனைக்குக் கொண்டுவந்தது. காற்றடைத்த பெரிய டயர்கள், 89 சிசி நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின், கயிறு இழுத்துக் கிளப்பும் ஸ்டார்ட்டர். யமஹா, கவாசாகி, சுசுகி எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தன. 1987 டிசம்பர் இறுதியில் அமெரிக்க அரசுடன் உற்பத்தியாளர்கள் செய்துகொண்ட உடன்பாட்டோடு அங்கே புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது. அதனால் இன்று உங்கள் கைக்கு வரும் எந்த ஏடிசியும் ஏறக்குறைய நாற்பது வயதைத் தொட்டதாகவே இருக்கும். இடையில் எத்தனை பேர் அதைத் திறந்தார்கள், எதை மாற்றினார்கள், எந்த வண்டியின் ஹெட்டை எதில் மாட்டினார்கள் என்பதற்குக் கணக்கே இருக்காது.

இந்த இன்ஜின்கள் சாவதற்குக் காரணம் அநேகமாக இரண்டுதான்: ஏர் ஃபில்டரைத் தாண்டி உள்ளே போன மணல், அடியில் குறைந்துபோன ஆயில். இரண்டுமே கண்ணுக்குத் தெரியாமல் அளவைத் தின்னும். பிஸ்டன் செட், கேஸ்கெட் செட் என்று முதலில் வாங்கிக் குவித்துவிட்டுப் பிறகு இன்ஜினைத் திறக்கிறவர்கள் பாதிப் பணத்தை வீணாக்குகிறார்கள். அளந்த பிறகு வாங்குங்கள். கீழே சொல்லும் வேலை வரிசை முழுக்க இதை வைத்துத்தான்.

பெரும்பகுதி ஹோண்டாவின் காற்றுக் குளிர்ச்சி நான்கு ஸ்ட்ரோக் குடும்பத்தை (ஏடிசி 90, 110, 185, 200 மாடல்கள்) மனத்தில் வைத்து எழுதியது. டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்குத் தனியாக ஒரு பகுதி பின்னால் வருகிறது.

பிரிப்பதற்கு முன்

உங்களிடம் இருப்பது எந்த இன்ஜின் என்று முதலில் உறுதி செய்யுங்கள். ஃபிரேம் ஒரு வருடம், இன்ஜின் வேறு வருடம் என்பது இந்த வண்டிகளில் சர்வ சாதாரணம். கிராங்க்கேஸில் குத்தியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்குரிய சர்வீஸ் மேனுவலைத் தேடிப் பிடியுங்கள். 185-இன் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 63 மி.மீ., 200-இன் போர் 65 மி.மீ.; இரண்டின் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 57.8 மி.மீ. தான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பிஸ்டன் மட்டும் மாறிப் பொருந்தாது.

இன்ஜின் சுற்றுகிறது என்றால் கம்ப்ரஷன் பாருங்கள். த்ராட்டிலை முழுதாகத் திறந்து பிடித்து, கேஜின் முள் மேலே ஏறுவது நிற்கும்வரை கயிற்றை இழுங்கள். 100 பிஎஸ்ஐ-க்குக் கீழே இருந்தால் வண்டி கிளம்புவதே சிரமம். பிறகு ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளவிடுங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. ஏறவில்லை என்றால் சந்தேகம் வால்வு மேல், அல்லது ஹெட் கேஸ்கெட் மேல்.

இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுங்கள். காற்று பிஸ்டனைக் கீழே தள்ளப் பார்க்கும், கிராங்க்கைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். சைலன்ஸரில் சீறல் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் கேட்டால் இன்டேக் வால்வு, கிராங்க்கேஸ் பிரீதர் குழாயில் கேட்டால் ரிங். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே நோய் எங்கே என்று தெரிந்துவிடும்.

இன்ஜின் சீஸ் ஆகியிருந்தால் (இறுகிச் சுற்றாமல் நின்றிருந்தால்) கயிற்றை இழுத்துப் போராடாதீர்கள்; ரீகாயில் ஸ்டார்ட்டர்தான் உடையும். பிளக்கைக் கழற்றி, துருநீக்கி எண்ணெயோ, ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் (ஏடிஎஃப்) அசிட்டோனும் சரிபாதி கலந்த கலவையோ ஊற்றிச் சில நாள் ஊற விடுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும், திறந்த வெளியில் வைத்துச் செய்யுங்கள். பிறகு மேக்னெட் (ஃப்ளைவீல்) நட்டில் ஸ்பேனர் போட்டு இரு பக்கமும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். அசைவு துளி கிடைத்தாலும் போதும், மீண்டும் ஊற விடலாம். அதற்கும் மசியாவிட்டால் ஹெட்டைக் கழற்றி, மரக்கட்டை வைத்து பிஸ்டன் மேல் தட்டுவதுதான் கடைசி வழி. அந்த பிஸ்டன் இனி உதவாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிரேமில் இருக்கும்போதே தளர்த்த வேண்டியவை

இன்ஜினை மேசைக்குக் கொண்டுவந்த பிறகு இறுக்கமான போல்ட்டோடு மல்லுக்கட்டுவது வீண் பாடு. முன் ஸ்ப்ராக்கெட் போல்ட்களைப் பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபிரேமிலேயே தளர்த்திவிடுங்கள். மேக்னெட் நட்டுக்கு மட்டும் இந்த உபாயம் பலிக்காது. ஆட்டோ கிளட்ச் உள்ள 90, 110, 185, 200 வண்டிகளில் இன்ஜின் ஓடாத நிலையில் கிராங்க்குக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. கியரைப் போட்டுப் பிரேக் பிடித்தாலும் கிராங்க் தாராளமாகச் சுற்றும். ஃப்ளைவீலைப் பட்டை ஸ்பேனரால் பிடியுங்கள். அது இல்லையென்றால், வால்வு இரண்டும் மூடிய நிலையில் பிளக் துளை வழியாக மென்மையான கயிற்றைச் செருகிப் பிஸ்டனை நிறுத்தலாம். டூ ஸ்ட்ரோக்கில் இந்தக் கயிற்று வேலையைச் செய்யாதீர்கள், சிலிண்டர் சுவரிலுள்ள போர்ட் துளையின் விளிம்பில் கயிறு சிக்கிக்கொள்ளும்.

பக்க கவர்களின் ஸ்க்ரூக்கள் பார்வைக்கு ஃபிலிப்ஸ் மாதிரி இருக்கும். உண்மையில் அவை ஜேஐஎஸ் என்ற ஜப்பானிய அளவு. சாதாரண ஸ்க்ரூ டிரைவர் அதில் முழு ஆழம் இறங்காது, வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் பிட் போட்ட இம்பாக்ட் டிரைவர் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு வாங்கும் கருவிகளில் காசுக்கு மிகவும் பெறுமானது அதுதான். முதலில் ஸ்க்ரூ தலையில் சுத்தியலால் ஒரு தட்டு, பிறகு டிரைவர்.

ஃப்ளைவீலைக் கழற்ற அதன் நடு மரையில் பூட்டும் புல்லர் வேண்டும். மூன்று கால் புல்லரை விளிம்பில் மாட்டி இழுத்தால் ஃப்ளைவீல் நெளியும். சுத்தியலால் அடித்தால் உள்ளிருக்கும் காந்தம் விடும். கிளட்ச்சைப் பிடித்திருக்கும் பள்ளம் வைத்த வட்ட நட்டுக்கும் அதற்கென்றே உள்ள நான்கு பல் சாக்கெட்டைத் தேடுங்கள். உளி வைத்து அடித்த தழும்பு அந்த நட்டில் ஏற்கெனவே இருந்தால், முன்பு திறந்தவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ளலாம். மற்ற இடங்களிலும் கூடுதல் கவனம் வையுங்கள்.

பிரிக்கும்போது அழுக்கைப் படியுங்கள்

ஆயிலை வடிக்கும்போதே விசாரணை தொடங்கிவிடுகிறது. பால் கலந்தது போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அப்படியானால் பேரிங்குகளில் துருப்புள்ளியை எதிர்பாருங்கள்.

வலப்பக்க கவரைக் கழற்றினால் கிளட்ச்சும், கம்பிவலை ஆயில் ஸ்ட்ரெயினரும் தெரியும். கிராங்க்கோடு சேர்ந்து சுழன்று கசடைச் சுவரில் படிய வைக்கும் ஃபில்டர் கிண்ணமும் இங்கேதான். இந்த இன்ஜின்களின் வரலாறு அந்தக் கிண்ணத்தில் இருக்கிறது. கெட்டியாகப் படிந்த கருப்புக் கசடை ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி, அடியில் காந்தத்தை நகர்த்துங்கள். காந்தத்தோடு நகரும் துகள் கியர், பேரிங், கேம் முகம் ஆகியவற்றின் இரும்பு. காந்தத்துக்கு அசையாத வெள்ளி நிறத் துகள் அலுமினியம்: பிஸ்டனின் ஓரம், அல்லது அதைவிட மோசம், கேம் உட்காரும் ஹெட். கண்ணாடிபோல் மின்னி, விரலுக்கிடையில் நறநறவென்று உரசினால் மணல். மணல் கிடைத்துவிட்டால் மேல்பாதியை (ஹெட், சிலிண்டர், பிஸ்டன்) மட்டும் செய்து முடித்துவிடலாம் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள்.

மேலே ஹெட் கவர், கேம் ஸ்ப்ராக்கெட், ஹெட், சிலிண்டர் என்ற வரிசையில் இறங்குங்கள். ஸ்ப்ராக்கெட் போல்ட்டைக் கழற்றுவதற்கு முன் டைமிங் செயின் போகும் குகையைத் துணியால் அடைத்து, செயினைக் கம்பியில் கட்டித் தொங்க விடுங்கள். ஹெட் நட்களில் எது மூடிய தொப்பி நட், எதன் அடியில் செப்பு வாஷர் என்று படம் எடுத்து வையுங்கள். ஸ்டட் ஒன்றைச் சுற்றித்தான் ஆயில் மேலே ஏறுகிறது. அந்த இடத்தில் வாஷர் மாறினால் கசிவு நிச்சயம்.

அளவு எடுத்தல்

மைக்ரோமீட்டர், போர் கேஜ், ஃபீலர் கேஜ் மூன்றும் வேண்டும். வெர்னியரில் இந்த வேலை நடக்காது. நாம் தேடும் வித்தியாசம் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு.

சிலிண்டரை மேல், நடு, கீழ் என்று மூன்று உயரத்தில், ஒவ்வோர் உயரத்திலும் முன்பின் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என ஆறு இடங்களில் அளந்து எழுதுங்கள். மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தேய்ந்திருப்பது வழக்கம். மணல் தின்ற சிலிண்டரில் முன்பின் அளவுக்கும் பக்க அளவுக்கும் வித்தியாசம் கூடுதலாகத் தெரியும். புதிய அளவிலிருந்து 0.10 மி.மீ. வரை போய்விட்டால் போரிங் (சிலிண்டரைப் பெரிதாகக் கடைவது) செய்ய வேண்டியதுதான் என்பது இந்த அளவு இன்ஜின்களுக்குப் பொதுக் கணக்கு. பிஸ்டனை அளக்கும்போது மேலே அளக்காதீர்கள். பிஸ்டனை ராடோடு இணைக்கும் பிஸ்டன் பின்னுக்குக் குறுக்காக, ஸ்கர்ட்டின் (பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவர்) அடி விளிம்பிலிருந்து சுமார் 10 மி.மீ. மேலே அளக்க வேண்டும். பிஸ்டன் முழு வட்டமாகவோ நேர்க்குழாயாகவோ செய்யப்படுவதில்லை.

ரிங்கைப் பிஸ்டனால் தள்ளிச் சிலிண்டருக்குள் நேராக நிறுத்தி, முனை இடைவெளியை ஃபீலர் கேஜில் பாருங்கள். 0.15 முதல் 0.35 மி.மீ. வரை இருந்தால் நிம்மதி. 0.5-ஐத் தாண்டினால் ரிங் முடிந்தது. புது ரிங்கிலும் இதைப் பார்க்கத்தான் வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கிறது என்று நம்பி மாட்டினால், இடைவெளி போதாத ரிங் சூட்டில் நீண்டு முனையோடு முனை முட்டிச் சுவரைக் கீறிவிடும்.

ஓவர்சைஸ் பிஸ்டன்கள் பொதுவாக 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்ற படிகளில் கிடைக்கின்றன. கீறல் மறையக்கூடிய மிகச் சிறிய படியைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த முறைக்கும் இரும்பு மிச்சம் இருக்க வேண்டும். பிஸ்டனை வாங்கி, அதையும் சிலிண்டரோடு சேர்த்து லேத் பட்டறையில் கொடுங்கள். அளவை மட்டும் சொல்லிப் போரிங் செய்யச் சொன்னால், அந்தக் குறிப்பிட்ட பிஸ்டனுக்குரிய இடைவெளி கிடைக்காது. போரிங் முடிந்து ஹோனிங்கில் (கல்லால் தேய்த்து முடிக்கும் வேலை) குறுக்குக் கோடுகள் தெளிவாகத் தெரிய வேண்டும்.

பட்டறையிலிருந்து வந்த சிலிண்டர் பளபளவென்று இருக்கும், சுத்தமாக இருக்காது. ஹோனிங் தூள் கோடுகளுக்குள் ஒட்டியிருக்கும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ அதை வெளியே எடுக்காது. சூடான நீரும் சோப்பும் பிரஷும் வைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்ததும் ஆயில் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி சாம்பல் நிறமானால் திரும்பக் கழுவ வேண்டும். வெள்ளையாகவே வரும்வரை விடாதீர்கள். வந்த உடனே ஆயில் பூசுங்கள், ஈர இரும்பு நிமிடங்களில் துருப்பிடிக்கும். புதிய ரிங் சீக்கிரம் தேய்ந்தது என்று வரும் புகார்களில் பல இந்தக் கழுவலைத் தவிர்த்ததால் வந்தவை என்பது என் எண்ணம்.

ஹெட்

185, 200 இன்ஜின்களில் கேமுக்குப் பேரிங் கிடையாது. ஹெட்டின் அலுமினியத்திலேயே உட்கார்ந்து சுழல்கிறது. மேலே மூடும் கவர்தான் அதன் மறுபாதி. ஆயில் குறைந்தால் முதலில் பாதிக்கப்படுவது உச்சியில் இருக்கும் இந்த இடம். விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டும் அளவுக்கு வரி விழுந்திருந்தால் புது கேம் போட்டும் பயனில்லை, வேறு ஹெட் தேட வேண்டும். கவரும் ஹெட்டும் சேர்த்துக் கடையப்பட்ட ஜோடி, ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். அந்த இணைப்பில் கேஸ்கெட் வைக்கும் வழக்கமும் இல்லை, மெல்லிய திரவ சீலன்ட் மட்டுமே. கேஸ்கெட் வெட்டி வைத்தால் கேமின் இடைவெளி கெட்டுவிடும். சீலன்ட் அதிகமாகப் பூசினால் பிதுங்கி ஆயில் வழியை அடைக்கும்.

கேம் முகத்தில் குழி இருந்தால் அதை உரசும் ராக்கரையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய ராக்கர் புதுக் கேமைத் தின்றுவிடும். வால்வின் தண்டு கைடில் ஆடுகிறதா என்று பாருங்கள். பிறகு லேப்பிங்: பேஸ்ட் போட்டு வால்வை அதன் இருக்கையில் சுழற்றித் தேய்ப்பது. சாம்பல் வளையம் விடுபடாமல் முழுவட்டமாக, 1 முதல் 1.5 மி.மீ. அகலத்தில் வந்தால் நல்லது. ஸ்பிரிங் மாட்டும்போது சுருள் நெருக்கமாக இருக்கும் முனை ஹெட் பக்கம் இருக்க வேண்டும். போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொஞ்ச நேரம் வைத்து, எரிஅறைப் பக்கம் ஈரம் கசிகிறதா என்று பாருங்கள். ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்விளிம்பு வைத்து ஃபீலர் கேஜ் நுழைத்தால் 0.10 மி.மீ.-க்கு மேல் நெளிவு இருக்கக் கூடாது.

அடிப்பாதியைத் திறக்கலாமா?

எல்லா இன்ஜினின் கிராங்க்கேஸையும் இரண்டாகப் பிளக்க வேண்டியதில்லை. கனெக்டிங் ராடை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். அந்தத் திசையில் ஆட்டமே உணரக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்பு, 0.80 மி.மீ. எல்லை. கிராங்க்கைச் சுற்றும்போது கரகரப்பு, கியர் தானாக விலகுவது, கிண்ணத்தில் மணல் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால்தான் பிளக்க வேண்டும்.

பிளக்கும்போது பாதிகளுக்கு நடுவே ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பாதீர்கள், அந்தப் பரப்பில் விழும் ஒவ்வொரு தழும்பும் ஒரு கசிவு. கியர் ஷாஃப்ட்களின் ஓர வாஷர்கள் கேஸ் சுவரில் ஒட்டிக்கொண்டு வரும், தேடி எடுத்து வரிசை மாறாமல் கோத்து வையுங்கள். புதுப் பேரிங்கை உறைபெட்டியிலும், கேஸை அடுப்பில் சுமார் 100 டிகிரி செல்சியஸிலும் வைத்து எடுத்தால் பெரும்பாலும் கையாலேயே உள்ளே இறங்கும். கிராங்க்கில் புது ராட் ஏற்றுவதைப் பிரஸ்ஸும் டயல் கேஜும் உள்ள பட்டறையிடம் விடுங்கள். அது வீட்டு வேலை இல்லை.

திரும்பக் கட்டுதல்

ரிங்கில் எழுத்து இருக்கும் பக்கம் மேலே. முனைகளை 120 டிகிரி இடைவெளியில் பிரித்து வையுங்கள். ஹோண்டா பிஸ்டனின் தலையில் 'ஐஎன்' என்று குறி இருந்தால் அது இன்டேக் பக்கம் பார்க்க வேண்டும். பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் சர்க்ளிப்பை (வளையக் கிளிப்) ஒருபோதும் மறுபடி பயன்படுத்தாதீர்கள். அதன் வாய், பிஸ்டனில் வெட்டியிருக்கும் பள்ளத்துக்கு நேராக வரவும் கூடாது. சர்க்ளிப் மாட்டும்போது கிராங்க்கேஸின் வாயைத் துணியால் மூடாமல் இருந்தால் அது உள்ளேதான் பறக்கும்.

டவல் பின், ஓ ரிங் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து ஹெட்டை இறக்குங்கள். நட்களைக் குறுக்கு வரிசையில், இரண்டு மூன்று கட்டமாக, மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். கவர் போல்ட்களான எம்6 அளவுக்கு 10 நியூட்டன் மீட்டர் போதும். நாற்பது வயது அலுமினிய மரை அதற்கு மேல் தாங்காது. மரை ஏற்கெனவே போயிருந்தால் சீலன்ட் பூசி ஒப்பேற்றாமல் கம்பிச் சுருள் இன்செர்ட் போட்டுவிடுங்கள்.

டைமிங்குக்கு ஃப்ளைவீலின் 'டி' குறி கேஸ் குறியோடு பொருந்த வேண்டும், அதே சமயம் கேம் ஸ்ப்ராக்கெட்டின் குறி ஹெட்டின் குறியோடு. டைமிங் செயினை இறுக்கும் டென்ஷனரை விட்ட பிறகு ஸ்டார்ட்டர் சுற்றும் திசையிலேயே கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். குறிகள் மீண்டும் ஒன்று சேர வேண்டும். இடையில் கெட்டியாக முட்டினால் அங்கேயே நிறுத்துங்கள், அது வால்வு பிஸ்டனில் படும் முட்டல். பிறகு டேப்பெட் (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள இடைவெளி): இந்தக் குடும்பத்துக்குக் குளிர்ந்த நிலையில் 0.05 மி.மீ. அதைவிட இறுக்கினால் சத்தம் அழகாக அடங்கும், எக்ஸாஸ்ட் வால்வும் அமைதியாக எரியும்.

டூ ஸ்ட்ரோக் என்றால்

ஏடிசி250ஆர், கவாசாகி டெக்காட்டே, யமஹா ட்ரை-இசட் போன்றவற்றில் வால்வு வேலை இல்லை; அந்த இடத்தைக் காற்றுக் கசிவு பிடித்துக்கொள்கிறது. 250ஆர் 1981 முதல் 1984 வரை காற்றுக் குளிர்ச்சி, 70 மி.மீ. போர். 1985-இல் தண்ணீர்க் குளிர்ச்சிக்கு மாறியபோது போர் 66, ஸ்ட்ரோக் 72 ஆனது. பிஸ்டன் வாங்கும்போது வருடம் கேட்பது இதனால்தான்.

போரிங் முடிந்ததும் போர்ட் விளிம்புகளின் கூர்மையை மழுக்கியிருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பாருங்கள், இல்லையென்றால் ரிங் அதில் மாட்டி உடையும். பிஸ்டன் தலையின் அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம். கட்டி முடித்ததும் இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் அடைத்து 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி ஆறு நிமிடம் பாருங்கள். நிமிடத்துக்கு 1 பிஎஸ்ஐ-க்கு மேல் இறங்கினால் சோப்பு நீர் தடவிக் கசிவைக் கண்டுபிடிக்காமல் கிளப்பக் கூடாது. கிராங்க்கின் ஆயில் சீல் கடினமாகிக் காற்று உறிஞ்சினால் கலவை மெலியும், பெட்ரோலோடு ஆயிலும் குறையும், புதுப் பிஸ்டன் முதல் ஓட்டத்திலேயே பிடித்துக்கொள்ளும்.

முதல் முறை கிளப்புதல்

கார்புரேட்டரைக் கழுவி, டேங்க்கின் துருவை எடுத்துவிட்டு வாருங்கள். கார்புரேட்டருக்கும் ஏர் பாக்ஸுக்கும் நடுவிலுள்ள ரப்பரை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால், பழைய இன்ஜினைக் கொன்ற மணல் அதே வழியாகப் புதியதற்கும் வரும்.

வெட் கிளட்ச்சுக்கு (ஆயிலில் நனைந்தபடி ஓடும் கிளட்ச்) ஏற்ற ஜேஏஎஸ்ஓ எம்ஏ என்ற ஜப்பானியத் தர மினரல் ஆயில் ஊற்றுங்கள். கட்டும்போதே கேம் மீதும் தாராளமாக ஆயில் விட்டிருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றிய நிலையில், மேலே ஆயில் வந்து சேர்வதைக் கண்ணால் பார்க்கும்வரை கயிற்றை இழுங்கள். அதன் பிறகுதான் பிளக்.

கிளம்பியதும் ஐடிலில் நீண்ட நேரம் விடாதீர்கள். சூடு ஏறியதும் அணைத்து, முழுதாக ஆற விட்டு, இன்னொரு முறை இதையே செய்துவிட்டு ஓட்டுங்கள். ரிங் சுவரோடு படிய வேண்டுமென்றால் அதற்குப் பின்னால் அழுத்தம் வேண்டும். மிதமாக முடுக்குங்கள், விடுங்கள், ஒரே வேகத்தில் நிலையாக ஓட்டாதீர்கள். காற்றுக் குளிர்ச்சி இன்ஜின், அதனால் நின்ற இடத்தில் முறுக்குவதும் வேண்டாம்.

முதல் மணி நேரம் முடிந்ததும் ஆயிலைச் சூடாக இருக்கும்போதே மாற்றுங்கள். மறுநாள் குளிர்ந்த இன்ஜினில் ஹெட் நட் இறுக்கத்தையும் டேப்பெட்டையும் திரும்பப் பாருங்கள். முதல் ஆயிலில் கொஞ்சம் மினுமினுப்பு இருப்பது இயல்பு. இரண்டாவது முறை வடிக்கும்போதும் அது குறையாமல் இருந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, வலப்பக்க கவரைத் திறந்து அந்தக் கிண்ணத்தில் காந்தத்தைப் போடுங்கள்.